கச்சத்தீவா, இழுவைமடியா? பாக் நீரிணையில் எதற்காகச் சண்டை போடுகிறோம்?

#1 தனுஷ்கோடிக்காற்று

தடைக்காலம் நடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். எங்கள் ஊர் ஜெட்டியில் விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடக்கின்றன. கரையெல்லாம் பெயின்ட் வாசம், மரத்தூள். "தமிழக மீனவர்கள் கைது" என்ற செய்தி இந்த இரண்டு மாதமும் அவ்வளவாக வராது. ஜூன் 15 விடிந்ததும் மறுபடி தொடங்கிவிடும்.

இந்த இழையைத் தொடங்கக் காரணம் போன வாரம் வீட்டில் நடந்த ஒரு பேச்சு. அப்பா இருபது வருடம் விசைப்படகில் பங்குக்குப் போனவர். சொந்தப் படகு கிடையாது. ஒரு தடவை எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, 40 நாள் கழித்து வீடு வந்தார். எனக்கு அப்போது 9 வயது. அந்த 40 நாளும் அம்மா அடுத்த வீட்டு டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

போன வாரம் டிவியில் ஒருவர், கச்சத்தீவை மீட்டுவிட்டால் மீனவர் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று பேசிக்கொண்டிருந்தார். அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "கச்சத்தீவைக் குடுத்தாலும் நாங்க அதைத் தாண்டித்தான் போவோம். இந்தப் பக்கம் எங்க மீன் இருக்கு?"

அதற்கு மேல் அவர் பேசவில்லை. எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாட்டுக்கு நடுவில் நடக்கும் சண்டை என்று நாம் பேசுவது, கடலடியைச் சுரண்டிக்கொண்டு போகும் ஒரு மடியால் வந்த சண்டை. தீவு யாரிடம் இருந்தாலும், அந்த மடி ஓடும்வரை கைதும் நிற்காது, சாவும் நிற்காது. தவறு என்றால் திருத்துங்கள். அந்தக் கரையிலிருந்து யாராவது படித்தால் அவசியம் எழுதுங்கள்.

#2 சேதுநாட்டான்

தம்பி, உங்கள் அப்பா மேல் மரியாதை உண்டு. ஆனால் கச்சத்தீவை இவ்வளவு லேசாக ஒதுக்க முடியாது. 285 ஏக்கர். இராமநாதபுரம் சமஸ்தானத்துக்குப் பாத்தியப்பட்டது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த இடம். வலை உலர்த்தவும், களைத்தால் படுத்து எழவும் நம் ஆட்கள் இறங்கிய மண். அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு என் தாத்தா பாய்மர வல்லத்தில் போய் வந்தவர். இந்த ஊர் மக்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் 1974-ல் கொடுத்தார்கள். அந்தக் காயம் ஆறவே இல்லை. 1991-லும் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஏப்ரலிலும் போட்டது. இவ்வளவு பேர் சேர்ந்து கேட்பது வெறும் பேச்சுக்காகவா?

#3 மதுரை வழக்குரைஞர்

தேதிகளை வரிசையாக வைத்துவிட்டால் பேச வசதியாக இருக்கும். 1974-ஐயும் 1976-ஐயும் எல்லோரும் கலந்து பேசுவதால்தான் பாதிக் குழப்பம்.

1974 ஜூன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும். எல்லைக் கோடு கச்சத்தீவின் மேற்குக் கரைக்கு ஒரு மைல் தள்ளிப் போனது. ஆக, தீவு அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனால் அதே ஒப்பந்தத்தின் 5-வது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே விசா இல்லாமல் கச்சத்தீவுக்குப் போகலாம் என்கிறது. 6-வது பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் ஒன்றன் கடலில் மற்றொன்று பாரம்பரியமாக அனுபவித்த உரிமைகளைத் தொடரலாம் என்கிறது. இதில் மீன்பிடிப்பும் அடங்கும் என்பது நம் வாதம். அடங்காது என்பது இலங்கையின் வாதம்.

உண்மையில் கதவைச் சாத்தியது 1976 மார்ச். மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் எல்லை வகுத்தபோது, வெளியுறவுச் செயலர்கள் இருவரும் மாற்றிக்கொண்ட கடிதத்தில், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்று நேராகவே எழுதிவிட்டார்கள். அப்போது நெருக்கடி நிலை. தமிழ்நாட்டு அரசு ஜனவரி 31 அன்றுதான் கலைக்கப்பட்டிருந்தது. இந்தக் கரைக்காக வாய் திறக்க ஒரு சட்டமன்றம்கூட இல்லாத நேரத்தில் அந்தக் கடிதம் போயிருக்கிறது. சேதுநாட்டான் ஐயாவின் கோபத்தில் ஒரு நியாயம் உண்டு என்றால் அது இந்த இடத்தில்தான்.

ஆனால் மீட்பது என்ற பேச்சுக்கு வருவோம். 2014-ல் உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசின் அட்டர்னி ஜெனரல், அதைத் திரும்பப் பெற வேண்டுமென்றால் போருக்குத்தான் போக வேண்டும் என்று சொன்னார். ஒரு பேச்சுக்கு, தீவு நாளைக்கே கைக்கு வந்தது என்றே வைத்துக்கொள்வோம். கோடு சில கடல் மைல் கிழக்கே நகரும், அவ்வளவுதான். விசைப்படகுகள் பிடிபடுகிற இடங்களைப் பாருங்கள்: நெடுந்தீவு, காரைநகர், தலைமன்னார், பருத்தித்துறை. அந்தக் கோடு எவ்வளவு நகர்ந்தாலும் இவை உள்ளே வராது.

#4 பசுந்தீவான்

வணக்கம். அந்தக் கரையில் இருந்துதான் எழுதுகிறேன். சொந்த ஊர் நெடுந்தீவு. இப்போது யாழ்ப்பாணத்தில் வேலை. அண்ணனும் மச்சானும் இன்னும் தொழிலுக்குப் போகினம்.

தம்பி தனுஷ்கோடி, உங்கட அப்பா சொன்னது எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் உங்கட பக்கத்தில் இருந்து ஒருவர் அதை வெளிப்படையாக எழுதி வாசிப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. அதற்கு நன்றி.

எங்கட கதையைச் சொல்லுறன். 1983-க்குப் பிறகு கடல் எங்களுக்கு இல்லை. இரவில் போகத் தடை, பிறகு குதிரைவலு கூடின இயந்திரத்துக்குத் தடை, பிறகு கரையே உயர் பாதுகாப்பு வலயம். மயிலிட்டி என்று ஒரு துறைமுகம். வடக்கில் அதுபோல மீன் இறங்கின இடம் வேறு இல்லை. 1990-ல் அந்தச் சனம் உடுத்த உடுப்போடு எழும்பினது. 2017-ல்தான் துறைமுகத்தைத் திருப்பித் தந்தார்கள். 27 வருடம்! நாங்கள் கரையில் குந்தியிருந்த அந்தக் காலத்தில்தான் உங்கட றோலர்கள், இழுவைமடி இழுக்கிற விசைப்படகுகள், எங்கட கடலுக்குப் பழகின. 2009-ல் போர் முடிந்து, கடன்பட்டு வள்ளமும் வலையும் வாங்கி நாங்கள் இறங்கினால், இரவில் கரையில் நின்று பார்க்க அடிவானம் முழுக்க வெளிச்சம். ஒரு பட்டணம் மிதந்து வந்த மாதிரி இருக்கும்.

எங்கட தொழில் வலை விரித்துவிட்டு விடிய எடுக்கிற தொழில். அந்த வலைக்கு மேலால் றோலரின் மடி போனால் மிச்சம் ஒன்றும் இராது. அண்ணனுக்கு ஒரே இரவில் பதினெட்டு வலை போனது. விடியப் போய்ப் பார்க்க மிதவை இரண்டுதான் கிடந்தது. சங்கத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தார், அதோடு சரி. நகையை அடைவு வைத்துத்தான் திரும்ப வலை வாங்கினார். அடுத்த மாசி மாதம் அதுவும் போனது.

இங்கே எல்லோருக்கும் தெரிந்த ஒரு கணக்கு இருக்கிறது. இராமேஸ்வரத்துப் படகுகள் கடலுக்கு வருவது திங்கள், புதன், சனி. அந்த மூன்று இரவும் எங்கட ஆக்கள் வலை போட மாட்டார்கள். உங்கட அரசாங்கம் உங்கட விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் பிரித்துக் கொடுத்த கிழமைக் கணக்கில்தான் எங்கட அடுப்பும் எரியுது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1990-ல் எங்கட சனத்தை ஏற்றி இறக்கினது, மண்டபம் அகதி முகாமில் சோறு தந்தது, எல்லாம் நீங்கள்தான். என் மாமி குடும்பம் உங்கட கரையில்தான் உயிர் தப்பினது. அதனால்தான் இத்தனை வருடமாக எங்கட ஆக்கள் இதை உரத்துக் கதைக்கத் தயங்கினார்கள். கதைத்தால் கொழும்பு எங்களை வைத்து உங்களை அடிக்கும் என்ற பயமும் இருந்தது, இப்பவும் இருக்கிறது. அப்படிப் பொறுத்துப் பொறுத்து, 2022 ஜனவரியில் வத்திராயனில் இருந்து தொழிலுக்குப் போன இரண்டு பேர் பிணமாகக் கரைக்கு வந்தபோது, இந்திய றோலர் மோதித்தான் செத்தார்கள் என்று சொல்லிச் சனம் வீதியை மறித்தது.

#5 போட்டுக்காரர் மகன்

படித்தேன். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எங்களுக்கு ஒரு விசைப்படகு இருந்தது. இப்போது இல்லை. அந்தப் பக்கம் பிடிபட்டது, அரசுடைமை ஆகிவிட்டது. பல வருடம் கழித்து யாரோ எடுத்த போட்டோவில் பார்த்தோம். பாதி தண்ணீரில் அமிழ்ந்து, பெயர்ப்பலகையில் என் தங்கச்சி பெயர் மட்டும் தெரிந்தது. அப்பா அந்தப் போட்டோவை அழிக்கச் சொல்லிவிட்டார்.

எங்களைப் பேராசைக்காரர்கள் என்று நினைக்காதீர்கள். இந்தக் கடலின் அகலத்தை யோசியுங்கள். இராமேஸ்வரத்திலிருந்து கிளம்பினால் கரையோரம் நாட்டுப்படகுக்கு ஒதுக்கியது, 1983 சட்டம். அதைத் தாண்டிக் கொஞ்ச நேரம் ஓடினால் எல்லைக் கோடு. நடுவில் இருக்கும் அந்தச் சின்னத் துண்டில், அதிலும் பாறையும் பாருமாகக் கிடக்கும் இடங்களை விட்டுவிட்டால், அத்தனை விசைப்படகும் எங்கே மடி இழுக்கும்? ஒரு தங்கலுக்கு டீசல், ஐஸ், ஆட்களுக்கு முன்பணம் என்று எல்லாமே கடன். வியாபாரியிடம் வாங்கிய கடனுக்கு இறால் அவரிடமே போக வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான். வெறும் கையோடு திரும்பினால் கடன் இரட்டிக்கும். அதனால் டிரைவர் ஜிபிஎஸ்ஸைப் பார்க்கிறார், கோடு தெரிகிறது, தெரிந்தே தாண்டுகிறார். இதை ஒத்துக்கொள்கிறேன்.

பசுந்தீவான் அண்ணன், உங்கள் அண்ணனின் பதினெட்டு வலைக்கு நான் என்ன சொல்ல முடியும்? எங்கள் படகு அந்த இரவு அங்கே இருந்திருக்காது என்றும் என்னால் சத்தியம் செய்ய முடியாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். தவறு செய்தால் பிடியுங்கள், வழக்குப் போடுங்கள். உயிரை எடுக்கலாமா? 2017 மார்ச்சில் இருபத்தொரு வயசுப் பையன் கழுத்தில் குண்டு பாய்ந்து செத்தான். 2021 ஜனவரியில் கடற்படைக் கலத்தோடு மோதி மூழ்கிய படகில் நான்கு பேர். அந்த நான்கு பேரில் ஒருவர் மண்டபம் முகாமில் இருந்த இலங்கை அகதி.

#6 மண்டபம் வல்லம்

நான் நாட்டுப்படகு. சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்குத் தட்டச்சு மெதுவாகத்தான் வரும்.

நீங்கள் இரண்டு நாட்டுக் கதை பேசுகிறீர்கள். நெடுந்தீவு அண்ணாச்சி சொன்ன வலை அறுந்த கதை எங்களுக்கும் அப்படியே நடக்கிறது, இந்தியக் கடலுக்குள்ளேயே. கரையோரம் வரக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, வருகிறார்கள். இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி கூடாது என்று இருக்கிறது, அதையும் இழுக்கிறார்கள். நாங்களும் மனு கொடுத்து மனு கொடுத்து ஓய்ந்துவிட்டோம். டிவிக்காரர்கள் எங்களிடம் மைக்கை நீட்டுவதே இல்லை.

தடைக்காலம் நாட்டுப்படகுக்குக் கிடையாது. இந்த இரண்டு மாதம்தான் நாங்கள் நிம்மதியாக வலை விடுகிறோம், நல்ல மீனும் படுகிறது.

#7 கடற்புல்

கடல் உயிரியல் படிக்கிறேன். இழுவைமடி ஏன் மற்ற வலைகளைப் போல இல்லை என்று எழுத ஆசை, ஏனென்றால் கடலோரத்தில் இல்லாதவர்களுக்கு அது கண்ணில் தெரியாத விஷயம்.

மடியின் வாயை இரண்டு பக்கமும் விரித்துப் பிடிக்கப் பெரிய பலகைகள், இரும்புப் பட்டை போட்டவை. அடிக்கயிற்றில் சங்கிலியும் ஈயமும். அது தரையோடு தரையாக உழுதுகொண்டே வரும். இறால் சேற்றுக்குள் பதுங்குவதால் அதைக் கிளப்ப இப்படி உழுதாக வேண்டும். பாக் விரிகுடா சராசரியாகப் பத்து மீட்டர்கூட ஆழமில்லாத கடல். வெயில் அடிவரை இறங்கும், அதனால் கடற்புல் மைதானம்போல விரிந்து கிடக்கிறது. குஞ்சு மீன், நண்டு, குதிரைமீன் எல்லாம் அதில்தான் வளர்கின்றன. ஆவுளியா என்கிற கடற்பசு அதைத்தான் மேய்கிறது. மடி ஒரு முறை போனால் அந்தப் புல் வேரோடு வரும். ஜெட்டியில் கொட்டும்போது பாருங்கள், நல்ல இறால் ஒரு கூடை என்றால் சங்காயம், அதாவது விலை போகாத கழிவு மீன், மலைபோலக் கிடக்கும். விரல் நீளக் குஞ்சு மீன்களைக் கோழித்தீவனத்துக்கு அள்ளிக்கொண்டு போகிறார்கள். ஜெகதாப்பட்டினத்தில் நான் முதன்முதலாக அதைப் பார்த்த அன்று குறிப்பேட்டைத் திறக்கவே மனம் வரவில்லை.

இந்த மடி நம் மீனவர் கண்டுபிடித்தது கிடையாது. 1953-ல் கேரளத்து நீண்டகரையில் தொடங்கிய இந்தோ-நார்வே திட்டம்தான் தொடக்கம். இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்ததும், அரசு மானியம் கொடுத்து விசைப்படகுகளைப் பெருக்கியது. இறாலை இளஞ்சிவப்புத் தங்கம் என்று சொன்ன காலம் அது. அன்று "வாங்கு வாங்கு" என்று கடன் கொடுத்தவர்கள், இந்தச் சின்னக் கடல் எத்தனை மடியைத் தாங்கும் என்று கணக்குப் பார்க்கவில்லை.

2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அறிவித்தது நல்ல காரியம். ஆனால் ஆவுளியாவுக்கு எல்லைக் கோடு தெரியாது. மேய்ச்சல் இரண்டு பக்கமும்தான்.

#8 ஹல் தமிழன்

இங்கிலாந்தில் ஹல் நகரத்தில் 14 வருடமாக இருக்கிறேன். பூர்வீகம் நாகப்பட்டினம். இங்கே பக்கத்து வீட்டுப் பெரியவர் பழைய டிராலர்காரர். அவர் கதையைக் கேட்கும்போதெல்லாம் நம் ஊர்தான் ஞாபகத்துக்கு வரும்.

ஐஸ்லாந்துக் கடலில் காட் மீன் பிடிக்க ஹல்லிலிருந்தும் கிரிம்ஸ்பியிலிருந்தும் தலைமுறை தலைமுறையாகப் போனார்கள். ஐஸ்லாந்துக்கு மீனை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. 1958-ல் 12 மைல் எங்களுடையது என்றது, 1972-ல் 50 மைல், 1975-ல் 200 மைல். ஒவ்வொரு முறையும் பிரிட்டன் போர்க்கப்பல் அனுப்பி டிராலர்களுக்குக் காவல் நின்றது. ஐஸ்லாந்திடம் இருந்தது சில ரோந்துக் கப்பல்கள்தான். அவர்கள் டிராலரின் இழுகம்பியை அறுக்க ஒரு கொக்கியைச் செய்தார்கள். பின்னாலேயே வந்து கம்பியை அறுத்துவிட்டால் மடி மொத்தமும் கடலுக்குள் போய்விடும். கப்பலோடு கப்பல் இடித்தார்கள். இரண்டும் நேட்டோ கூட்டாளி நாடுகள் என்பதை மறக்க வேண்டாம். 1976 பிப்ரவரியில் ஐஸ்லாந்து தூதரக உறவையே முறித்தது. கெஃப்லாவிக்கில் இருந்த நேட்டோ தளத்தை மூடுவோம் என்றதும் எல்லோரும் இறங்கி வந்தார்கள். ஜூனில் உடன்பாடு: ஒரே சமயத்தில் 24 பிரிட்டிஷ் டிராலர்கள்தான், அதுவும் ஆறு மாதத்துக்குத்தான்.

நாம் எல்லைக் கோட்டு விஷயத்தைக் கடிதத்தில் முடித்ததும் அதே 1976-தான். தேதியைப் பார்த்தபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். ஹல்லின் தூரக்கடல் தொழில் செத்துப்போனது. கப்பல் முதலாளிகளுக்கு ஏதோ ஒரு வழி கிடைத்தது. கப்பலில் உழைத்தவர்களைத் தற்காலிகக் கூலிகள் என்று சொல்லி, வேலையிழப்புப் பணம்கூடக் கொடுக்கவில்லை. அரசாங்கம் இழப்பீடு கொடுக்க முன்வந்தது 2000-ல். அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பெரியவர் சொல்வார், எங்களுக்கு மூன்று வருடம் முன்னாலேயே சொல்லியிருந்தால் பையனை வேறு தொழிலில் விட்டிருப்பேன் என்று.

அதனால் மடியை நிறுத்துங்கள் என்று நானும் சொல்கிறேன். ஆனால் தனுஷ்கோடித் தம்பியின் அப்பா மாதிரிப் பங்குக்குப் போகிறவர்களுக்கு முதலில் வழி சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

#9 சேதுநாட்டான்

ஹல் தமிழன் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். உங்கள் கதையில் நாம் ஐஸ்லாந்து இல்லை. நாம்தான் ஹல். இது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் மறுக்க வாதமும் கிடைக்கவில்லை. கச்சத்தீவு விஷயத்தில் என் எண்ணம் மாறவில்லை, அது வரலாற்று அநியாயம். ஆனால் அதையும் மீன்பிடிப்பையும் ஒரே மூட்டையாகக் கட்டியது தவறோ என்று தோன்றுகிறது.

#10 குமரிமுனை

1976 ஒப்பந்தத்தில் நமக்குக் கிடைத்த ஒன்றை யாரும் சொல்லவில்லையே. கன்னியாகுமரிக்குத் தெற்கே இருக்கும் வாட்ஜ் பேங்க். எங்கள் ஆட்கள் தூண்டிலும் வலையுமாகப் போகும் வளமான கடல் மேடு. அதற்கு முன் இலங்கைக் கப்பல்களும் அங்கே பிடித்தன. ஒப்பந்தத்தில் அது இந்தியாவுக்கு என்றாகி, இலங்கையின் 6 கப்பல்களுக்கு மட்டும் 3 வருடம், ஆண்டுக்கு 2,000 டன் வரை என்று அவகாசம் கொடுத்தார்கள். அதன் பிறகு அவர்கள் விலகிக்கொண்டார்கள். அவகாசம் கொடுத்து நிறுத்துவது என்பது இரண்டு நாடுகளுக்கும் தெரியாத வித்தை இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

#11 போட்டுக்காரர் மகன்

அவகாசம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2017-ல் ஆழ்கடல் திட்டம் வந்தது. இழுவைமடிப் படகை ஒப்படைத்துவிட்டு, சூரை பிடிக்கும் தூண்டில் படகு வாங்கலாம். படகு விலை 80 லட்சம். அதில் பாதி மத்திய அரசு, 20 சதவீதம் மாநில அரசு, 20 சதவீதம் வங்கிக் கடன், மீதி 10 சதவீதம் நாம் கட்ட வேண்டும். மூன்று வருடத்தில் 2,000 படகு என்றார்கள். அந்த இலக்கின் கிட்டத்தில்கூடப் போகவில்லை.

காகிதத்தில் நல்ல திட்டம். ஆனால் நாங்கள் சாயங்காலம் போய்க் காலையில் திரும்புகிற ஆட்கள். சூரைக்குப் போவது என்றால் வாரக்கணக்கில் தங்கல், வேறு கடல், வேறு வித்தை. பாக் விரிகுடாவில் பெரிய படகு நிற்க ஆழமும் இல்லை. எட்டு லட்சம் கையில் இருக்கிறவன் ஏற்கெனவே கடனில் இருக்க மாட்டான். அப்புறம் அந்தத் திட்டத்தில் படகுக்காரனுக்குத்தான் இடம். பங்குக்காரன் பெயர் எந்த வரியிலும் இல்லை, ஹல் அண்ணன் சொன்ன மாதிரியே.

#12 மதுரை வழக்குரைஞர்

மீனவர்கள் தங்களுக்குள் பேசிய வரலாறும் இருக்கிறது. அது வெளியே அதிகம் தெரியாது. 2010 ஆகஸ்டில் வடக்கு இலங்கை மீனவர்கள் இங்கே வந்து, கரை கரையாகப் பார்த்து, சென்னையில் உட்கார்ந்து பேசினார்கள். ஒரு வருடத்தில் இழுவைமடியை நிறுத்துவது, அதுவரை 70 நாள் மட்டும் அவர்கள் கடலில் பிடிக்க அனுமதி என்று முடிவானது. இரண்டு அரசாங்கமும் அதைத் தூக்கிப் பிடிக்கவில்லை, காற்றோடு போனது. 2015 மார்ச்சில் மறுபடி சென்னையில் உட்கார்ந்தபோது நம் பக்கம் மூன்று வருடம், வருடத்துக்கு 83 நாள் என்று கேட்டார்கள். அவர்கள் முடியாது என்றார்கள். ஐந்து வருடத்தில் கேட்பது குறைய வேண்டும், நாம் கூட்டிக் கேட்டோம். 2017 ஜூலையில் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடியையே தடை செய்தது. அதற்கான மசோதாவைத் தனிநபராகக் கொண்டுவந்தவர் வடக்குத் தமிழ் உறுப்பினர் சுமந்திரன். 2018-ல் வெளிநாட்டுப் படகுகளுக்கு அபராதத்தையும் கடுமையாக ஏற்றினார்கள். இப்போது இரண்டாவது முறை பிடிபட்டால் சிறைத் தண்டனை. படகில் போன டிரைவர் உள்ளே இருக்கிறார், உரிமையாளர் கரையில் இருக்கிறார்.

#13 பசுந்தீவான்

வழக்குரைஞர் ஐயா சொன்ன 2010 பயணத்தில் எங்கட ஊர்க்காரர் ஒருவரும் வந்தவர். திரும்பி வந்து அவர் சொன்னதை இன்னும் மறக்கேல்லை: "அங்கையும் எங்களை மாதிரித்தான் இருக்கினம், ஒரு வீட்டில் மீன்குழம்புகூட அதே ருசி." பிறகு வருடக்கணக்காக ஒன்றும் நடக்காமல் போனபோது மனிசன் அந்தக் கதையை எடுக்கிறதையே விட்டுவிட்டார்.

எங்கட பக்கமும் சுத்தம் என்று சொல்ல மாட்டன். குருநகரிலும் பேசாலையிலும் எங்கட சொந்த ஆக்களின் றோலர்களும் இருக்கின்றன. சட்டம் வந்தபிறகும் அதில் முழுமையாகக் கை வைக்கவில்லை. தெற்கில் இருந்து போகிற பலநாள் படகுகள் இந்தியக் கடலுக்குள் போய்ப் பிடிபடுகிறதும் நடக்குது. பிடிபட்ட உங்கட படகுகள் மயிலிட்டித் துறையில் அடைந்து கிடந்ததால், 27 வருடம் கழித்துத் திரும்பின சனத்துக்குப் படகு கட்ட இடமில்லாமல் போனதும் உண்மை.

போட்டுக்காரர் தம்பி, அந்தப் படகு உங்கட தங்கச்சி பெயரில் இருந்தது என்று வாசித்தேன். இங்கேயும் படகுக்கு மகளின் பெயர்தான் வைப்போம். சுடுகிறதை நான் ஒரு நாளும் சரியென்று சொன்னதில்லை, சொல்லவும் மாட்டன்.

#14 தனுஷ்கோடிக்காற்று

இந்த இழை முழுவதையும் நேற்று ராத்திரி அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பதினெட்டு வலை என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். மண்டபம் வல்லம் அண்ணன் எழுதியதை மறுபடி வாசிக்கச் சொன்னார். ஹல் பெரியவர் கதை வந்தபோது, "அவருக்கு எத்தனை வயசு?" என்று மட்டும் கேட்டார்.

நான் எழுத ஆரம்பித்தபோது மடியை நிறுத்தினால் போதும் என்று நினைத்தேன். இப்போதும் நிறுத்தத்தான் வேண்டும் என்கிறேன். கூடவே இரண்டு விஷயத்தைச் சேர்த்துக்கொள்கிறேன். ஒன்று, படகுக்கு மட்டும் இழப்பீடு போதாது, படகில் போகிறவன் பெயரும் கணக்கில் வர வேண்டும். இரண்டு, நாட்டுப்படகுக்காரர்களும் அந்தக் கரைச் சிறுதொழில்காரர்களும் ஒரே பக்கம் உட்கார்ந்து பேச வேண்டியவர்கள். இதுவரை பேச்சுவார்த்தை மேசையில் இந்தியா, இலங்கை என்று எதிரெதிராகத்தான் நாற்காலி போட்டிருக்கிறோம்.

பசுந்தீவான் அண்ணனிடம் அப்பா ஒன்று கேட்கச் சொன்னார். இந்தத் தடைக்காலத்தில் உங்கள் பக்கம் என்ன படுகிறது?

#15 பசுந்தீவான்

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கோ.

நல்லாப் படுது. ஓரா, ஒட்டி, விளைமீன், நண்டு எல்லாம் இருக்கு. போன கிழமை அண்ணனுக்கு ஒரு பெரிய திருக்கை. இந்த இரண்டு மாதமும் திங்கள், புதன், சனி என்று பார்க்கிறதில்லை, எந்த இரவும் வலை போடலாம். பெடியள் உசாராகப் போகிறார்கள். அண்ணி அடைவு வைத்த சங்கிலியில் பாதிக் காசு கட்டிவிட்டா. மிச்சத்தையும் இந்த மாதத்துக்குள் கட்டிப் போட வேண்டும் என்று நிற்கிறா.

ஜூன் 14 பின்னேரம் வலையளை எல்லாம் இழுத்துக் கரையில் ஏற்றிவிடுவோம்.